வரிசையைக் குலைத்தால்தான் ஸ்வரம் பிடிபடும்

ஸ்ருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, நாலைந்து வருஷம் பாட்டு படித்த ஒரு பிள்ளையை மாயாமாளவகௌளை ராகத்தில், முதல் பாடமான சரளி வரிசையைப் பாடச் சொல்லுங்கள். மூன்று காலமும் தடங்கல் இல்லாமல் வரும். அடுத்து, ச-வை மட்டும் பாடி நிறுத்தச் சொல்லி, "இப்போ நேரா த-வைப் பிடிம்மா" என்று கேளுங்கள். உதடு அசையாது. ஆனால் தொண்டைக்குழி மெல்ல அசையும். உள்ளுக்குள் ச ரி க ம ப என்று படியேறிப் போய்த்தான் த-வைத் தொடுகிறது. எட்டேழு எவ்வளவு என்று கேட்டதும் ஓரெட்டு எட்டில் ஆரம்பித்து வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி.

அந்தப் பிள்ளைக்கு வரிசை தெரியும், ஸ்வரம் தெரியாது. முன்பின் பார்க்காத ஸ்வரத்தாளைக் கையில் கொடுத்தால் திணறுவதும், கச்சேரியில் கேட்ட ஒரு பிடியை வீட்டுக்கு வந்து எழுத முடியாமல் போவதும் இதனால்தான். கேட்டு எழுதுவதும் பார்த்துப் பாடுவதும் இரண்டு தனித்தனி வித்தை இல்லை. தாளில் 'த' என்ற எழுத்தைப் பார்த்ததும், வாய் திறக்கும் முன்பே அது மனசுக்குள் ஒலிக்க வேண்டும். எங்கோ ஒரு த ஒலித்தால் அந்த எழுத்து கண்முன் வர வேண்டும். இரண்டும் ஒரே பழக்கம். வரிசையின் துணை இல்லாமல் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதன் இடத்தில் தனியாக அறிவதுதான் அது.

கீதம், ஸ்வரஜதி தாண்டி வர்ணத்தில் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சர்ச் கொயரில் பாடுகிறவர்களுக்கும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கும் உள்ள விஷயம் பின்பாதியில் வருகிறது.

முதலில் ஸ்ருதி

ஸ்ருதியைப் பெரிய சத்தத்தில் வைத்துக்கொண்டு பழகுவது பல வீடுகளில் பார்க்கக்கூடிய தப்பு. சத்தம் கூடினால் உங்கள் குரல் அதற்குள் ஒளிந்துகொள்ளும், விலகினாலும் காதுக்குத் தெரியாது. குரலைவிட ஸ்ருதி ஒரு பிடி குறைவாகவே இருக்கட்டும். நீங்கள் பாட்டை நிறுத்தினால்தான் அது முழுசாகக் காதில் விழ வேண்டும், அந்த அளவு போதும்.

ஸ்ருதி சேர்ந்ததா இல்லையா என்பதை 'நல்லா இருக்கா' என்ற நினைப்பில் முடிவு செய்யாதீர்கள். அதற்குக் காதே கேட்கக்கூடிய அடையாளம் ஒன்று இருக்கிறது. ஸ்ருதி 200 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, நீங்கள் 203-ல் பாடுகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து நொடிக்கு மூன்று முறை பெருத்துச் சிறுத்து அலையடிக்கும். 201-க்கு வந்தால் நொடிக்கு ஒரு அலை. சரியாகச் சேர்ந்துவிட்டால் அலை நின்றுபோகும், குரல் எங்கே முடிகிறது தம்பூரா எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. இதைப் பழக ஆகாரத்தில் ச-வுக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி, பத்து நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக மேலே ஊர்ந்து வாருங்கள். அலை வேகமாக அடித்து, தளர்ந்து, நிற்கும். நின்ற இடத்தில் நில்லுங்கள். பிறகு மேலிருந்து கீழே இதையே செய்யுங்கள். மேலிருந்து வருவது பலருக்குக் கடினம், ச-வைத் தாண்டிக் கீழே வழுக்கிவிடுவார்கள். அதனால் அதை இரண்டு மடங்கு செய்ய வேண்டும். ச சரியானதும் ப-வுக்குப் போகலாம்.

நிஜத் தம்பூரா கிடைத்தால் மந்தரத் தந்தியை மட்டும் தனியாக மீட்டி, ஒலி அடங்கும் வரை காது கொடுங்கள். தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல் சரியாக நின்றிருந்தால் அதற்குள்ளேயே ஒரு காந்தாரம் மிதந்து வரும். தந்தி ஐந்து சம பாகமாகப் பிரிந்து அதிர்வதால் பிறக்கும் ஒலி அது. அந்தர காந்தாரத்துக்கு அதுதான் உரைகல். 1 கட்டை ச-வை, அதாவது கீபோர்டின் C-யை, 261.6 ஹெர்ட்ஸ் என்று கொண்டால் தம்பூரா சொல்லும் க 327-ல் இருக்கும். அதே க-வைக் கீபோர்டில் அழுத்தினால் 329.6 வரும். கீபோர்டில் எல்லா அரைச் சுரங்களையும் சம இடைவெளியில் வைத்திருப்பதால் வரும் வித்தியாசம் இது. சின்ன எண்தான், ஆனால் ஓடும் தம்பூராவோடு கீபோர்டின் க-வைச் சேர்த்துப் பிடித்தால் அந்த உரசல் தெளிவாகக் கேட்கும். அதனால் கீபோர்டை, இது க-வா ம-வா என்று இடம் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். க எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அதனிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பெண்கள் 5½ கட்டை, ஆண்கள் 1 கட்டை என்று வருஷக்கணக்கில் ஒரே ஸ்ருதியில் பாடி வந்தால், ஸ்வரத்தைக் காது பிடிக்கிறதா தொண்டை பிடிக்கிறதா என்றே தெரியாமல் போகும். தொண்டைத் தசைக்கு அந்த இறுக்கம் மனப்பாடமாகியிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ பயிற்சி செய்யுங்கள். முதல் நாள் எல்லாமே ஒரு மாதிரி பிசகும். பிசகுகிற அத்தனையும் இதுவரை தொண்டையின் நினைவில் பாடி வந்தவை.

ஸ்ருதிப் பெட்டி இல்லாத நேரத்தில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் உதவும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த 'ம்ம்' என்ற ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். கீழ் ஸ்தாயி 5 கட்டைக்கு ஒரு பொடி மேலே. பழைய பிரிட்ஜின் முனகலும் பெரும்பாலும் அதேதான். அதை ச-வாக வைத்து மனசுக்குள் ப-வையும் க-வையும் பிடித்துப் பார்க்கலாம், வாய் திறக்க வேண்டியதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிஷம் வீணாகாது.

எட்டுச் சீட்டு

சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் நடக்கும் ஆய்ச்சியர் குரவையை ஒரு பாட்டு வாத்தியார் கண்ணோடு படித்துப் பாருங்கள். மாதரி ஏழு பெண்களை நிறுத்தி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஆளுக்கொரு பெயர் வைக்கிறாள். பிறகு குரலை மாயவன் என்கிறாள், இளியை அவன் அண்ணன் என்கிறாள், துத்தத்தை நப்பின்னை என்கிறாள். குரல் நமது ச, இளி நமது ப. ஏழு பேர் நின்றாலும் முதலில் ஊன்றுவது அந்த இரண்டு தூண்களைத்தான். வகுப்பில் ஏழு பிள்ளைகள் இருந்தால் இதை அப்படியே செய்யலாம். வட்டமாக நிறுத்தி ஆளுக்கொரு ஸ்வரம் கொடுங்கள், நடுவில் நின்று நீங்கள் கை காட்டும் பிள்ளை மட்டும் பாட வேண்டும். தனக்கு முன்னால் யாரும் படியேறித் தராததால் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஸ்வரத்தை ஸ்ருதியிலிருந்து நேராகப் பிடித்தே ஆக வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஸ்வரத்தை மாற்றிக் கொடுங்கள்.

தனியாகப் பழகுகிறவர்களுக்குச் சீட்டு. பழைய காலண்டர் அட்டையை எட்டாக வெட்டி ச, ரி, க, ம, ப, த, நி, மேல் ச என்று எழுதிக் குலுக்குங்கள். முதல் வாரம் ச முதலிலும் மேல் ச கடைசியிலும் இருக்கட்டும், நடுவில் உள்ள ஆறு மட்டும் மாறட்டும். எட்டு அட்சர ஆதி தாளம், அட்சரத்துக்கு ஒரு சீட்டு, மெட்ரோனோமில் நிமிஷத்துக்கு 60. ஒரு வரிசையை ஒரே ஒரு தடவைதான் பாட வேண்டும். இரண்டாம் தடவை பாடினால் அது பாட்டாகிவிடும். தாட்டு வரிசைக்கு நேர்ந்ததும் அதுதான். தாண்டித் தாண்டிப் பிடிக்கப் பழக்கத்தான் அதை வைத்தார்கள், நாம் அதையும் மனப்பாடம் பண்ணிச் சங்கிலியாக்கிவிட்டோம்.

சீட்டு எப்படி விழுந்தாலும் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மாயாமாளவகௌளையில் ச ரி க ம என்ற நாலும் ப த நி மேல்-ச என்ற நாலும் ஒரே அச்சில் வார்த்தவை. அதனால் ச-வுக்கு ப எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் ரி-க்கு த, க-வுக்கு நி, ம-வுக்கு மேல் ச. ச–ப காதில் ஊறிவிட்டால் மற்ற மூன்றும் அதன் நகல். இந்த நாலு ஜோடியையும் தினமும் இரண்டு நிமிஷம் ஏறியும் இறங்கியும் பாடுங்கள். ஏமாற்றும் ஜோடிகள் மூன்று: ப–மேல் ரி, த–மேல் க, நி–மேல் ம. பார்வைக்கு இவையும் ஐந்தாம் ஸ்வரம்தான். ஆனால் முதலும் மூன்றும் ச–ப தூரத்தைவிட அரைச் சுரம் குறைவு, நடுவில் உள்ளது அரைச் சுரம் கூடுதல். ச–ப பழக்கத்தில் குரல் போனால் இங்கே தப்பும். இவற்றைத் தூரத்தை வைத்துப் பிடிக்கப் பார்க்காதீர்கள். மேல் ச-வை மனசுக்குள் ஒலிக்கவிட்டு, அதன் பக்கத்து வீடாக மேல் ரி-யைப் பிடியுங்கள்.

ஒரு குலுக்கலை எடுத்துப் பார்ப்போம்: ச ம ரி த ப க நி மேல்-ச.

ச-விலிருந்து ம. பெரும்பாலும் தப்பாது, ஆனால் சிலர் ப-வுக்குப் போய்விடுவார்கள். தம்பூராவில் ப ஓடிக்கொண்டே இருப்பதால் அது இழுக்கும். ம சரியாக விழுந்தால் கீழே க-வுக்கு இறங்க வேண்டும் என்ற ஆசை காதில் எழும். அந்த ஆசை வருகிறதா என்று பாருங்கள், அதுவே சோதனை. அடுத்தது ம-விலிருந்து ரி. இந்த வரியில் இதுதான் குழி. க-வை விட்டுத் தாண்டி இறங்குவதால் குரல் ச வரை சரிந்துவிடும், அல்லது பயத்தில் அரைச் சுரம் மேலே உள்ள சதுச்ருதி ரிஷபத்திலேயே நின்றுவிடும். ம-வைப் பாடும்போதே மனசுக்குள் ச-வைக் கேளுங்கள். சுத்த ரிஷபம் ச-வை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஸ்வரம், ம-விலிருந்து இறங்கிப் போவதைவிட ச-விலிருந்து அரை அடி எட்டிப் பிடிப்பது எளிது. அங்கிருந்து த, ச–ப-வின் நகல், யோசிக்காமல் போகலாம். த–ப ஒட்டிய இறக்கம், கேள்வியே இல்லை. ப–க: தம்பூராவுக்குள் மிதக்கிற அந்தக் காந்தாரத்தைக் காதில் வைத்துக்கொண்டால் க தானாக வந்து உட்காரும். க–நி மறுபடி நகல் ஜோடி. நி-யிலிருந்து மேல் ச-வுக்குப் போக ஒரு உந்துதல் இருக்கும், அது இல்லையென்றால் நி இறங்கிப் போயிருக்கிறது.

இப்படி ஒவ்வொரு தாவலிலும் மூன்றில் ஒரு பிடிமானம் கிடைக்கும். ஸ்ருதியிலிருந்து நேராகப் பிடிப்பது, நகல் ஜோடியாகப் பிடிப்பது, பக்கத்து ஸ்வரத்தின் ஒட்டாகப் பிடிப்பது. எதைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்ய அட்சரத்துக்கு ஒரு நொடி இருக்கிறது. பத்து குலுக்கலில் எட்டு சரியாக வந்தால் வேகத்தை 72-க்கு ஏற்றுங்கள். ஒரு மாதம் கழித்து சங்கராபரணம், அடுத்து கரகரப்ரியா, அப்புறம் கல்யாணி. ராகம் மாறும்போது நகல் ஜோடிகளும் மாறும். சங்கராபரணத்தில் நி–மேல் ம ஒன்றைத் தவிர எல்லாமே நகல். கல்யாணியில் ம–மேல் ச மட்டும் நகல் இல்லை, பிரதி மத்யமம் ஏறி நிற்பதால்.

பாடியதைப் போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் காது தன் நினைவில் உள்ளதையே கேட்கும். முள் ஆடும் ஆப்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பாடும்போது முள்ளைப் பார்த்தால் கண்தான் குரலைத் திருத்துகிறது, காது சும்மா இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை, திரையைக் கவிழ்த்து வைத்துப் பாடிவிட்டு அப்புறம் வரைபடத்தைப் பார்ப்பதில் தப்பில்லை. இதே காரணத்துக்காக, கூடவே ஹார்மோனியம் வாசித்துச் சொல்லிக் கொடுப்பதையும் ஒரு கட்டத்தில் நிறுத்த வேண்டும். பிள்ளை சரியாகப் பாடுவதுபோல் இருக்கும். கவனித்துக் கேட்டால் ஹார்மோனியம் முதலில் ஒலிக்கும், குரல் கண்ணிமைக்கும் நேரம் பின்னால் வரும். வாத்தியார் ஒரு வரியின் நடுவே கையை எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தாளம் தவறுவதைத்தான் ஸ்வரம் தவறியதாக நினைக்கிறோம்

புதுத் தாளில் தடுமாறுகிறவரைக் கவனித்தால், பாதி இடத்தில் ஸ்வரம் சரியாகவே இருக்கும். கமாவும் அரைப்புள்ளியும் கணக்குப் புரியாமல் நேரம் தப்பி, அந்தப் பதற்றத்தில் ஸ்வரமும் போகிறது. அதனால் தாளைக் கையில் வாங்கியதும் ஸ்வரம் பாடாதீர்கள். கையில் தாளத்தைப் போட்டு, அந்த வரியின் நடையை மட்டும் 'த'காரத்தில் சொல்லுங்கள். கமா ஒரு மாத்திரை நீட்டல், அரைப்புள்ளி இரண்டு, தலைக்கு மேல் ஒரு கோடு இருந்தால் இரட்டை வேகம். உதாரணமாக 'ச , ரி க ம ; ப' என்றால் த–அ த த த–அ–அ த. மொத்தம் எட்டு மாத்திரை வருகிறதா? வந்தால் ஸ்வரத்துக்குப் போங்கள்.

கண் எப்போதும் வாய்க்கு இரண்டு ஸ்வரம் முன்னால் ஓட வேண்டும். இது தானாக வராது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் பாடிக்கொண்டிருக்கும் ஸ்வரத்தின் மேல் ஒரு அட்டையை வைத்து நகர்த்திக்கொண்டே வரச் சொல்லுங்கள். பாடுவது மறைந்துவிடுவதால் கண் வேறு வழியில்லாமல் அடுத்ததைப் பார்க்கும். முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சலாக இருக்கும், விடாதீர்கள்.

கேட்டு எழுதுவது

மதுரையில் 1912-ல் பிறந்த மதுரை மணி அய்யரின் கல்பனாஸ்வரங்களை எதற்குக் கேட்கிறோமோ இல்லையோ, காதுப் பயிற்சிக்குக் கேட்க வேண்டும். ஸ்ருதி சுத்தமும் சர்வலகுவான நடையும் சேர்ந்து ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழும். பாடகர் ஸ்வரப் பெயரையே சொல்லிப் பாடுவதால் கேள்வியும் பதிலும் ஒன்றாகவே கிடைக்கின்றன. பெயரும் ஒலியும் ஒட்டிக்கொள்ள அது நல்லது, ஆனால் அது பரீட்சை ஆகாது. பரீட்சைக்கு, எந்தக் கச்சேரிப் பதிவிலும் பாடகர் நிறுத்தியதும் வயலின் வாசிக்கிறவர் பதில் சொல்லும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வயலினுக்குப் பெயர் சொல்ல வாய் இல்லை. ஒரு ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு சுற்றை எடுத்து, முதல் தடவை சும்மா கேட்டு, இரண்டாம் தடவை தாளம் போட்டு எங்கெங்கே எத்தனை ஸ்வரம் என்று கோடு மட்டும் போட்டு, மூன்றாம் தடவை கடைசி ஸ்வரத்தை எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். முதலிலிருந்து எழுதத் தொடங்கினால் நாலாவது ஸ்வரத்தில் மறந்துபோகும். முடிகிற ஸ்வரம்தான் காதில் தங்கும். வேகம் கூடுதலாக இருந்தால் யூடியூபில் 0.5-க்குக் குறையுங்கள், ஸ்ருதி மாறாது.

வீதியில் நாகசுரம் கேட்டால் விடாதீர்கள். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிக் கூட்டத்துக்கு நடுவே ஸ்ருதிக்காக ஊதும் ஒத்தோ ஸ்ருதிப் பெட்டியோ காதுக்கு எட்டாது, தவில்தான் கேட்கும். அப்போது ச எது என்று கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி. வாசிப்பவர் மூச்சை முடித்து எந்த ஸ்வரத்தில் ஆறுதலாக நிற்கிறார் என்று பாருங்கள். அது ச-வாகவோ ப-வாகவோ இருக்கும். அதற்குக் கீழே ம–ச தூரம் இறங்கிப் பார்த்து அங்கும் அதே ஆறுதல் இருக்கிறதா என்று மனசுக்குள் சரிபாருங்கள். இருந்தால் அவர் நின்றது ச, இல்லையென்றால் ப.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் வரும்போது எழுத்து கைவிடும். தோடியின் காந்தாரத்தை அரைவேகத்தில் கேட்டால், க என்று ஒரு இடத்தில் அது நிற்பதே இல்லை என்று தெரியும், ரி-க்கும் ம-வுக்கும் நடுவே அசைந்துகொண்டிருக்கும். 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்குத் தனிக் குறிகளே உண்டு. நம் வகுப்பு நோட்டுகளில் அவை இல்லை. ஆகவே தோடி, பைரவி, சஹானாவில் பார்த்துப் பாடிப் பழகாதீர்கள். தாளில் உள்ளபடி தட்டையாகப் பாடினால் ராகம் போய்விடும், அந்தத் தட்டையான உருவம் காதிலும் தங்கிவிடும். மோகனம், ஹம்சத்வனி, சங்கராபரணத்து நோட்டு ஸ்வரங்கள் இதற்குப் பொருத்தமானவை. கமக ராகங்களில் ஸ்வரத்தாள் ஒரு வழிகாட்டிப் பலகை மட்டும், குருவின் வாயிலிருந்து கேட்டுத்தான் பாட வேண்டும். இந்த எல்லை தெரியாமல் பார்த்துப் பாடுவதைப் பெரிதாக்கினால் கெடுதல்தான்.

கொயர், கீபோர்டு

ஐந்து கோட்டுத் தாளில் பாடுகிறவர்களுக்கு முதல் வேலை ச எங்கே என்று கண்டுபிடிப்பது. முன்னால் ஷார்ப் குறிகள் இருந்தால் கடைசி ஷார்ப் நி, அதற்கு அரைச் சுரம் மேலே ச. ஃபிளாட் இருந்தால் கடைசி ஃபிளாட் ம. ஒரு ஷார்ப் 5 கட்டை, இரண்டு ஷார்ப் 2 கட்டை, மூன்று 6 கட்டை. ஒரு ஃபிளாட் 4 கட்டை, இரண்டு 6½, மூன்று 2½. டோ ரே மி பழகியவர்களுக்கு டோ-தான் ச. மைனர் பாட்டில் மட்டும் அவர்கள் லா-வை வீடாகக் கொள்வார்கள். கர்நாடகக் காது உள்ளவர்கள் அதை ச என்றே வைத்து நடபைரவியாகப் பாடிவிடலாம், ஏழாவது ஸ்வரத்தை ஏற்றியிருந்தால் கீரவாணி.

கீழ்க் குரலான ஆல்ட்டோ பாடுகிறவர்கள் மேல் குரலான சோப்ரானோவின் மெட்டுக்கு இழுபடுவது எல்லா கொயரிலும் நடப்பது. சத்தமாகப் பாடித் தப்பிக்க முடியாது. ஆல்ட்டோ வரியைச் சோப்ரானோ இல்லாமல், ஸ்ருதியோடு மட்டும், ஸ்வரப் பெயர் சொல்லிப் பாடுங்கள். இரண்டு வரி முழுக்க அது ப-விலும் ம-விலுமே நடக்கிறது என்பது அப்போது தெரியவரலாம். 'நான் இப்போது ப-வில் இருக்கிறேன்' என்ற அறிவு இருந்தால் பக்கத்தில் யார் எதைப் பாடினாலும் இழுபடாது. தாளில் ஸ்வர எழுத்தைப் பென்சிலால் எழுதுவது முதல் மாதம் சரி, அதற்குப் பிறகு அழித்துவிடுங்கள். இல்லையென்றால் கண் கோட்டைப் பார்க்கவே பார்க்காது.

கீபோர்டுக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று: ஸ்ருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு மாதம் தொடாதீர்கள். வாசிப்பதற்கு முன் ஸ்வரத்தை வாயால் பாடுங்கள்.

மோகனத்திலிருந்து நாலு ராகம்

மேலே சொன்னதெல்லாம் கைவந்தவர்களுக்கு இது. பண்ணுப்பெயர்த்தல் என்று பழைய தமிழிசையிலும் கிரகபேதம் என்று இப்போதும் சொல்வது. ஸ்ருதி ஆப்பில் 1 கட்டை வைத்து மோகனம் பாடுங்கள். ஆப்பை 2 கட்டைக்கு மாற்றி, தொண்டையில் அதே ஐந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு, பழைய ரி-யை ச என்று சொல்லிப் பாடினால் மத்யமாவதி. 3 கட்டையில் பழைய க ச-வாகும், இந்தோளம் வரும். இந்தோளத்தில் ப இல்லை என்பதால் ஆப்பில் ப-வை எடுத்துவிட்டு ம வையுங்கள், இல்லையென்றால் தம்பூராவே குழப்பும். 5 கட்டையில் சுத்த சாவேரி, 6 கட்டையில் சுத்த தன்யாசி. ஒலி மாறவில்லை, ச மட்டும் நகர்ந்தது, அதோடு ஒவ்வொரு ஸ்வரத்தின் பெயரும் குணமும் மாறிவிட்டது. பழைய பெயரை விட முடியாமல் நாக்கு சிக்கும். சிக்காமல் வரும் நாளில், கச்சேரியில் பாடகர் கிரகபேதம் செய்வதை அந்த நொடியிலேயே காது பிடித்துவிடும்.

கடைசியாக, வழியில் தொலைந்துபோவது. எவ்வளவு பழகினாலும் புதுத் தாளில் தொலைவோம். அப்போது விட்ட ஸ்வரத்தைத் தேடிப் பின்னால் போகிறவர்கள் மீளவே மாட்டார்கள். கை தாளத்தை விடக் கூடாது, வாய் மூடலாம். கண் அடுத்த சமத்துக்கு, அதாவது தாளச் சுற்றின் முதல் அடிக்குத் தாவட்டும், அங்கே இருக்கும் ஸ்வரத்தைத் தம்பூராவின் ச-விலிருந்தோ ப-விலிருந்தோ மனசுக்குள் எடுத்து, சமத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். இதற்கும் தனிப் பயிற்சி உண்டு. பாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் நினைத்த இடத்தில் தாளை முழுக்க மூடட்டும். நீங்கள் மௌனமாகத் தாளம் மட்டும் போடுங்கள். அரை ஆவர்த்தனமோ ஒரு ஆவர்த்தனமோ கழித்து அவர் திறந்ததும், தாளம் அப்போது எங்கே இருக்கிறதோ தாளில் அந்த இடத்திலிருந்து பாட வேண்டும். முதலில் நாலு அட்சர மூடல், பிறகு எட்டு, பிறகு பதினாறு. பதினாறில் திறந்த உடனே சரியான ஸ்வரத்தில் நுழைய முடிந்தால், அடுத்த வாரம் மூடும்போது ஸ்ருதியையும் சேர்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.